கதவுப் பலகைக்குள் வைத்த தோல்

நான் சுண்ணாம்புக் குழியிலிருந்து காருக்கு வந்தவன். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு வைத்திருந்த எங்கள் முதலாளி, சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் பழைய மோட்டார் ஒன்றை வாங்கினார். குழியில் தோல் புரட்டிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, ஓட்டக் கற்றுக்கொள்ளச் சொன்னார். நான் அதிகம் பேசமாட்டேன் என்பதுதான் என் தகுதி. காரில் பேசும் வியாபாரம் வெளியே போகாது என்று அவருக்கு நம்பிக்கை. சில மாதங்களில் என் கையில் இருந்த சுண்ணாம்புப் புண்கள் ஆறின.

எனக்கு இல்லாத வாய் அந்தக் காருக்கு இருந்தது. கதவுகளின் உள்பலகைகள் திருகாணி தளர்ந்து, சாலையில் ஒரு கல் விடாமல் கணக்குச் சொல்லும்.

"இன்னாப்பா இது, பாத்திரக்காரன் வண்டியாட்டம்?" என்றார் முதலாளி ஒருநாள். "திங்கக்கெழம பட்டணத்துலேந்து ஏத்துமதிக்காரர் வர்றாரு. அதுக்குள்ள சத்தம் நிக்கணும். நிக்கலன்னா வண்டிய வித்துட்டு ஜட்கா வெச்சிக்கிறேன். நீ பழயபடி குழிக்குப் போ."

சத்தம் எந்தக் கதவிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஷாப்பில் எல்லோரும் உதவ முன்வந்தார்கள். காருக்குள் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும் என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை. கணக்குப்பிள்ளை குடியாத்தம் வரை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். அங்கே அவர் சம்பந்தி வீடு. போகும்போது சத்தம் இடப்பக்கம் என்றார். சாப்பிட்டுத் திரும்பும்போது வலப்பக்கம் என்றார்.

நான் திருகாணித் துளைகளில் மரச்சீவலும் வச்சிரப் பசையும் வைத்து முறுக்கிப் பார்த்தேன். மாதனூர் வருவதற்குள் எல்லாம் உதிர்ந்துவிட்டது.

ஷாப்பு மேஸ்திரி வந்து பார்த்தார். "மரத்த வெச்சி மரத்த அடைக்கிறியே, நீ எந்த ஊருப்பா? தோல வெச்சி அடி."

எங்கள் ஊரில் மேஜை ஆடினாலும் தோல்தான், வாளி ஒழுகினாலும் தோல்தான். எனக்கு அது தோன்றாமல் போனது குற்றம்தான். நல்ல துண்டு கேட்டேன்.

"பலகைக்கு உள்ள போறதுக்கு மொதல் தரம் கேக்குதா? யாரு பாக்கப் போறாங்க?" என்று சொல்லி, தோலைப் பதப்படுத்தும் பட்டைத் தண்ணீரில் சரியாக ஊறாமல் கழித்துப் போட்ட குவியலைக் காட்டினார். அதிலிருந்து அள்ளி நான்கு கதவுகளிலும் திணித்தேன். சத்தம் நின்றது. முதலாளி ஏறி ஒரு சுற்று போய்வந்து, ஒன்றும் சொல்லாமல் இறங்கினார். அவர் பாராட்டுவது அப்படித்தான்.

திங்கட்கிழமை ஸ்டேஷனில் ஏற்றுமதிக்காரரை ஏற்றிக்கொண்டோம். அவரும் முதலாளியும் பின்னால் உட்கார்ந்தார்கள். தோல்காரர்கள் கை சும்மா இருக்காது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் வாசலில் கிடக்கும் செருப்பை மடக்கிப் பார்ப்பார்கள். கதவோரத்தில் துளி நீட்டிக்கொண்டிருந்த தோல் நுனியை ஏற்றுமதிக்காரர் பார்த்துவிட்டார். இழுத்தார். ஒரு முழம் வந்தது. மோந்து பார்த்து, கட்டைவிரலை வைத்து மடக்கினார். மேல்தோல் வெடித்தது.

"இது உங்க ஷாப்பு சரக்கா?"

"சேச்சே. டிரைவர் எங்கியாவது பொறுக்கி வெச்சிருப்பான்," என்றார் முதலாளி. "இன்னாப்பா, எங்க எடுத்தே அத?"

நம் ஷாப்பில் என்று சொன்னால் அன்றைக்கே குழி. வேறு ஷாப்பின் பேரைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. கார் வேறு என்றும் இல்லாத அமைதியாக இருந்தது.

"குப்பையிலீங்க," என்றேன்.

முதலாளி அந்தத் துண்டைக் கையில் வாங்கிக்கொண்டார். "கேட்டீங்களா? மத்தவன் இத மூட்ட கட்டி பட்டணத்துக்கு அனுப்புறான். நம்மகிட்ட குப்பையில கெடக்குது."

"கதவு முழுக்க ரொப்புற அளவுக்குக் குப்ப ஜாஸ்தியாத்தான் இருக்கு," என்றார் ஏற்றுமதிக்காரர். ஆனாலும் சிரித்தார். ஷாப்பில் தோள்துண்டுக்கு அடியில், மற்றவர் கண்ணில் படாமல், இருவரும் விரல் பிடித்து விலை பேசினார்கள். சரக்குப் பேரம் அன்றே முடிந்தது.

மறுநாள் காலையில் முதலாளி கூப்பிட்டனுப்பினார். குழிக்குத்தான் என்று நினைத்து, இறங்குவதற்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே போய் நின்றேன். அவர் ஒரு துணி மூட்டையைக் கொடுத்தார். உள்ளே ஷாப்பிலேயே உயர்ந்த ஆட்டுத்தோல் துண்டுகள், தேய்த்து மெருகேற்றியவை.

"பழசெல்லாம் எடுத்துட்டு இத வெய். ஓரத்துல ஒரு வெரல் அகலம் வெளிய தெரியணும். வேணும்னு வெச்சாப்புல இருக்கக் கூடாது."

அவ்வளவு மெல்லிய தோல் பலகையைப் பிடிக்காது, சத்தம் திரும்பிவிடும் என்று தெரிந்தும் சொன்னபடியே வைத்தேன். சத்தமும் திரும்பியது. முதலாளி அதைக் காதில் வாங்கவே இல்லை. அடுத்து வந்த வியாபாரிகள் எல்லோரும் என்னவோ மடியில் கை வைத்துக்கொண்டே வந்தார்கள். "அந்தக் கதவு சரியா சாத்தியிருக்கா, கொஞ்சம் பாருங்க" என்று அவர் ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தார். ஒருவரும் இழுக்கவில்லை. வாரம் ஒருமுறை அந்த நுனிகளுக்கு எண்ணெய் தடவுவதும் என் வேலையோடு சேர்ந்துகொண்டது. குழிப்பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை.