பதினொரு மணி சவாரிக்கு ஐந்து பேர்

கைப்பேசியை ரொட்டி கட்டும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, உறையின் மேலேயே விரலால் தட்டி, நடந்துகொண்டே பதில் அனுப்புகிறார் மிஸ் ஓலிடா. உப்புக்காற்று இரண்டு கைப்பேசிகளைத் தின்று தீர்த்த பிறகு அவர் கண்டுபிடித்த ஏற்பாடு அது. உறைக்கு மேல் எழுத்து வழுக்கினால் குரலில் பேசி அனுப்புவார். பேசி முடித்ததும் கையைக் கடல் பக்கம் நீட்டி, இரண்டு அலைகளின் ஓசையையும் பதிவாக்கிவிடுவார். "கேட்டீங்களா? கடல் இன்னிக்கு சமத்தாத்தான் இருக்கு. குழந்தைங்களைப் பயமில்லாம கூட்டிட்டு வாங்க." நடுக்கடலில் எங்கோ ஒரு கப்பலின் சாப்பாட்டு வரிசையில் தட்டேந்தி நிற்கும் குடும்பம் அந்த அலையைக் கேட்டுத்தான் முடிவெடுக்கிறது.

கரீபியக் கடலின் கிராண்ட் கேமன் தீவில், ஜார்ஜ் டவுன் படகுத்துறைக்கு வடக்கே, மணலில் ஒரு மரக்கொட்டகை. அதன் முன்னால், தண்ணீரில் ஓட்டும் ஆறு ஜெட் ஸ்கி வண்டிகள். அவற்றின் உரிமையாளர் டென்ஸில், ஓலிடாவின் சித்தி மகளை மணந்தவர். கப்பல் நிற்கும் ஆறேழு மணி நேரத்துக்குள் இறங்கி, சவாரி போய், திரும்பி ஏறிவிட வேண்டிய குடும்பங்களுக்கு முன்பதிவு செய்து தருவது பத்தொன்பது ஆண்டுகளாக ஓலிடாவின் வேலை. ஐம்பத்தேழு வயது. அகன்ற வைக்கோல் தொப்பி, ஆண்கள் அணியும் ரப்பர் செருப்பு. உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. மரவள்ளிக் கேக்கைக்கூட ஒரு கையில் ஏந்தி, துறைக்கும் கொட்டகைக்கும் நடுவே நடந்தபடிதான் தின்பார்.

ஒரு வண்டியில் இருவர் ஏறலாம். இருவருக்குமாக நானூறு பவுண்டு எடை தாண்டக் கூடாது. எடையைக் கேட்டால் உலகத்தில் ஒருவரும் உண்மை சொல்வதில்லை என்று தொழிலுக்கு வந்த முதல் மாதத்திலேயே ஓலிடா தெரிந்துகொண்டார். ஆகவே அவர் லைஃப் ஜாக்கெட்டின் அளவைக் கேட்கிறார். மூச்சு முட்டும் என்ற பயத்தில் அங்கே எல்லோரும் நேர்மையாகிவிடுகிறார்கள். அடுத்த கேள்வி, யார் ஓட்டுவது, யார் பின்னால் உட்காருவது என்பது. பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்பதை வைத்தே அந்த வீட்டின் நிலவரத்தைச் சொல்லிவிடுவார். "பத்து நிமிசமாச்சு, இன்னும் பதில் இல்ல. அங்க சண்டை நடக்குது, டென்ஸில். இன்னொரு வண்டியை எடுத்து வை. தனித்தனியாத்தான் வருவாங்க."

விலையை முதலில் கேட்பவர்களின் பேச்சு அவர் காதில் விழுவதில்லை. "குட் மார்னிங்" என்று ஒருவர் சொன்ன பிறகே பேச்சு தொடங்கும். அது அந்தத் தீவு முழுதுக்குமான வழக்கம். அடுத்து வருவதும் தீவின் கேள்விதான்: "நீ யாரு வீட்டுப் புள்ள?" ஒருமுறை ஒஹையோவிலிருந்து வந்த பல் மருத்துவர் மரியாதையாகத் தம் பெயரைச் சொன்னார். "பேரு சீட்டுலயே இருக்கே. உங்க ஆளுங்க யாரு, எங்கேர்ந்து கிளம்பினாங்க, அதைச் சொல்லுங்க" என்றார் ஓலிடா. பல் மருத்துவர் தம் பாட்டனார் போலந்தில் செருப்புக்கடை வைத்திருந்ததை, மனைவிக்கே சொல்லாததை, அந்த மணலில் நின்று சொல்லி முடித்தார்.

இப்படி எல்லோரையும் கேட்பவர், சென்ற டிசம்பரில் வந்த ஒரு பதிவுக்கு மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

"வென்டல் பவரி, வயது 49. போர்ட் ஆர்தர், டெக்சாஸ். மனைவி, மூன்று மகள்கள். ஜனவரியில் கப்பலில் வருகிறோம். பதினொரு மணி சவாரிக்கு ஐந்து பேர்." அதைப் படித்தபோது ஓலிடா நடந்துகொண்டிருந்தார். நின்றார். கணுக்கால்வரை அலை வந்து போனது.

ஓலிடாவும் பவரிதான். அவருக்கு மூன்று வயதானபோது தந்தை ஹார்லன் பவரி எண்ணெய்க் கப்பலில் வேலைக்குப் போனார். அந்நாளில் தீவின் ஆண்களில் பாதிப்பேர் அப்படிப் போனவர்கள்தாம். இரண்டு ஆண்டுகள் கடிதம் வந்தது, பிறகு நின்றது. போர்ட் ஆர்தரில் வேறு குடும்பம் என்று திரும்பி வந்த மாலுமிகள் சொன்னார்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தீவின் வானொலியில், காலை நேர இரங்கல் அறிவிப்பில், அவர் இறந்த செய்தி வாசிக்கப்பட்டது: மனைவியையும் வென்டல் என்ற ஒரே மகனையும் விட்டுச் சென்றிருக்கிறார். அத்துடன் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். ஓலிடாவின் தாய் வாணலியில் இருந்த மீனைத் திருப்பிப் போட்டார். அந்த அறிவிப்பைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. இப்போது தாயும் இல்லை.

பெயர், ஊர், வயது மூன்றும் பொருந்தின. கேட்டால் பதில் வரும். அந்தப் பதிலிலும் தன் பெயர் இராமல் போனால் என்ன செய்வது என்பதற்கு ஓலிடாவிடம் வழி இல்லை. ஆகவே தொழிலை மட்டும் பேசினார்.

"ரெண்டு வண்டி போதுங்க. நாங்க எல்லாருமே ஒல்லிதான்" என்று வென்டல் அனுப்பினார்.

"ரெண்டு வண்டில அஞ்சு பேர் ஏறினா வண்டிதான் ஒல்லியாயிடும். மூணு வண்டி. ஜாக்கெட் அளவு அனுப்புங்க."

அளவுகள் வந்தன. நான்கு பேர் உண்மையாகவே ஒல்லி. அவருடையது கொட்டகையில் இருப்பதிலேயே பெரியது.

"யாரு ஓட்டறது? பதினெட்டு நிறைஞ்சவங்க மட்டும்."

"நான், என் சம்சாரம், பெரிய பொண்ணு. இன்னொண்ணு... எனக்கு நீச்சல் வராது. அதனால ஒண்ணும் இல்லையே?"

மாலுமியின் மகனுக்கு நீச்சல் வராது என்பதை ஓலிடா நான்கு முறை வாசித்தார். பிறகு, "ஜாக்கெட் தூக்கிக்கும். நானும் கரையிலதான் இருப்பேன்" என்று எழுதினார். அவர் யாருக்கும் அப்படி எழுதுவதில்லை.

சீட்டைப் பார்த்த டென்ஸில், "பவரின்னு போட்டிருக்கே, உங்க சொந்தமா?" என்றார்.

"தீவுல பாதிப் பேரு பவரிதானே."

"டெக்சாஸ்லயுமா?"

ஓலிடா ஜாக்கெட் கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டிக் கழற்றிப் பார்க்கப் போய்விட்டார்.

அவர்கள் வரவேண்டிய நாளில், விடியும் முன்பே காற்று வடமேற்குக்குத் திரும்பியது. வடமேற்குக் காற்றில் நகரத்துக்கு எதிரே கப்பலை நிறுத்திச் சிறு படகுகளில் ஆளிறக்க முடியாது. கப்பல்கள் தீவைச் சுற்றிப் போய்த் தெற்குத் துறையில் இறக்கும். அதுவும் முடியாவிட்டால் நிற்காமலே போய்விடும். ஐந்தரை மணியிலிருந்து ஓலிடா மணலில் மேலும் கீழும் நடந்தார். விரலை நனைத்துக் காற்றில் பிடித்தார். ஏழு மணிக்கு வேன் ஓட்டும் லின்வுட்டைக் கூப்பிட்டு, "தெக்குத் துறைக்குப் போயிடு. பவரின்னு அட்டையில பெருசா எழுதி வெச்சுக்கோ" என்றார்.

"துறைமுக அறிவிப்பு வந்துடுச்சா?"

"நாப்பது வருசமா இந்தக் காத்தைப் பாக்கறேன். அறிவிப்பு எதுக்கு? கிளம்பு."

இது தீவுக்காரர் மட்டுமே செய்யக்கூடிய பிழை. அரைமணியில் அறிவிப்பு வந்தது: காற்று தணிகிறது, கப்பல் நகரத்துக்கு எதிரேயே நங்கூரமிடும். அது பிளாஸ்டிக் உறைக்குள் மினுங்கி அணைந்தது. ஓலிடாவின் கண் கடலைவிட்டு நகரவில்லை. ஒன்பதரைக்குக் கப்பல் தீவின் முனையைச் சுற்றி வந்து, தெற்கே போகாமல், ஊருக்கு நேர் எதிரே வந்து நின்றபோதுதான் உறையைத் தூக்கிப் பார்த்தார். உடனே நகரத் துறைக்குத் திரும்பச் சொன்னார். ஆனால் லின்வுட் தீவின் மறுபக்கத்தில், ஒற்றைச் சாலையில், பள்ளி வண்டிகளுக்கும் சிமெண்டு லாரிகளுக்கும் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தார்.

பத்தரைக்கு வென்டலிடமிருந்து செய்தி: "இறங்கிட்டோம். பவரின்னு அட்டை எதுவும் காணோமே." பத்தே முக்காலுக்கு: "நாங்க சரியான இடத்துலதான் நிக்கறோமா?" ஓலிடா நடந்தே போய் அழைத்து வரலாமா என்று துறைப்பக்கம் நூறு அடி போனார். தாம் இல்லாத நேரத்தில் டென்ஸில் வண்டிகளை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்று திரும்பி வந்தார். மறுபடி போனார்.

வழிகாட்டிக்கு ஒரு வண்டி போக, இரண்டு பழுதாகிக் கிடந்தன. மீதி மூன்று. பதினொன்றரைக்கு, பதிவில்லாமல் வந்த இன்னொரு கப்பலின் கூட்டம் அந்த மூன்றையும் கேட்டு நின்றது. பதினைந்து நிமிடம் பிந்தினால் இடம் போய்விடும் என்பது கொட்டகையின் விதி. எழுதி ஒட்டியவர் ஓலிடாவே.

"அரைமணி ஆச்சு மிஸ் ஓலிடா. இங்க ஆறு பேர் ஜாக்கெட்டே மாட்டியாச்சு" என்றார் டென்ஸில்.

"கழட்டச் சொல்லு."

"நீங்க வெச்ச சட்டம்தானே இது?"

"நான்தானே வெச்சேன்? நானே கொஞ்சம் நகத்தி வெக்கறேன்."

"லின்வுட் ஏத்திட்டானா? என்ன சொன்னான்?"

"திட்டினான். அப்படின்னா பக்கத்துல வந்துட்டான்னு அர்த்தம்."

டென்ஸில் அவர் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, ஆறு பேரையும் இளநீர்க் கடைப்பக்கம் அழைத்துப் போனார்.

பதினொன்று நாற்பதுக்கு வேன் வந்தது. முதலில் இறங்கியவர் பருத்த, மெல்ல நடக்கும் மனிதர். வெயிலில் பிடரி சிவந்திருந்தது. கொட்டகைக்கு நான்கு அடி முன்பே தொப்பியைக் கழற்றி, "குட் மார்னிங்" என்றார். யாரும் சொல்லித் தராமல் அந்த மணலில் அதைச் சொன்ன கப்பல் பயணியை ஓலிடா பார்த்ததில்லை.

"குட் மார்னிங்" என்றார் ஓலிடா. "தப்பு என்மேல. வேனைத் தப்பான துறைக்கு அனுப்பிட்டேன்."

"பரவால்லீங்க. அப்பா சொல்வாரு, எங்க போனாலும் மொதல்ல வணக்கம், அப்புறம்தான் சண்டைன்னு. அவரு இங்கத்துக்காரருதான். அதனாலதான் இந்தக் கப்பலையே பிடிச்சேன்."

"அவரோட ஆளுங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டவர் லின்வுட், வேனின் சன்னலிலிருந்து. ஓலிடா ஜாக்கெட் குவியலுக்குள் குனிந்தார்.

"அப்பா எதுவும் சொன்னதே இல்ல. கேட்டா எழுந்து வெளிய போயிடுவாரு. நான் ஒரே புள்ள. இங்க யாரையும் தெரியாது எனக்கு."

வென்டலின் மனைவி லோரெட்டா இதற்குள் அதட்டத் தொடங்கியிருந்தார். "நான் இவரு பின்னாடி உக்கார மாட்டேன். கார்லயே கண்ணை மூடிட்டுத்தான் வர்றேன்."

"நீங்க சின்னவளை வெச்சு ஓட்டுங்க. பெரியவ பின்னாடி நடுவுலவ" என்று ஓலிடா பிரித்தார். "அவரு தனியாப் போகட்டும்."

"நீச்சல் தெரியாதவரு தனியாவா?" என்றார் லோரெட்டா.

"வழிகாட்டி பக்கத்துலயே போவான். நான் சொல்லிட்டேன்."

வென்டலுக்கு ஜாக்கெட்டை மாட்டிவிட்டபோது, மற்றவர்களுக்குச் செய்வதுபோல் பட்டையை ஒருமுறை இழுத்ததோடு நிறுத்தவில்லை ஓலிடா. மூன்று கொக்கிகளையும் இழுத்து, விரல் நுழைத்துப் பார்த்து, மறுபடி இழுத்தார். "மூச்சு விட இடம் குடுங்கம்மா" என்று வென்டல் சிரித்தார். மேல்வரிசையில் ஒரு பல் மற்றதன்மேல் சற்று ஏறியிருந்தது. தம் வாயிலும் அப்படியே ஏறியிருந்த பல் தெரியாதபடி ஓலிடா உதடுகளை இறுக மூடிக்கொண்டார்.

கையொப்பத் தாள் மட்டும் மிச்சம். பலகைமேல் குனிந்து ஐவரின் பெயர்களையும் வென்டல் நிதானமாக எழுதினார். கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது. அவசரத்துக்குக் கரையில் அழைக்க வேண்டியவர்: பெயர், எண், உறவு. எல்லாக் குடும்பத்திலும் தண்ணீருக்கு அஞ்சும் ஒருவர் மணலில் தங்குவார். அவர் பெயர் அங்கே ஏறும்.

"நாங்க அஞ்சு பேரும் போறோமே. இங்க யாரைப் போடறது?"

இடுப்பளவு தண்ணீரில் வண்டியைப் பிடித்து நின்ற டென்ஸில் கத்தினார்: "காலியா விடாதீங்க! கப்பல் பேரைப் போட்டுட்டு வாங்க, நேரமாச்சு! ரெண்டரைக்குக் கடைசிப் படகு!"

வென்டல் கப்பலின் பெயரை எழுதக் குனிந்தார்.

"கொடுங்க" என்றார் ஓலிடா.

பேனாவை வாங்கினார். பெயர்க் கட்டத்தில் ஓலிடா பவரி என்று முழுதாக எழுதினார். கீழே எண். அதற்குக் கீழே உறவு. அங்கே பேனாமுனை தாளைத் தொட்டபடி, ஓர் அலை வந்து திரும்பும் நேரம் அசையாமல் இருந்தது. சின்ன மகள் தண்ணீரிலிருந்து தந்தையைக் கூப்பிட்டாள்.

அக்கா என்று எழுதினார். பலகையைத் திருப்பி வென்டலின் முன்னால் வைத்து, காற்றில் தாள் எழும்பாதபடி அதன் ஓரத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.