குளிருக்கு முன் கபினைப் பூட்டியவர்

சகலனை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவருடைய முகமல்ல, முதுகு. ஏரிக்கரைக் கபினின் பின்னறையில், சலவை இயந்திரத்துக்கு முன்னால் அவர் குப்புறப் படுத்திருக்கிறார். கன்னம் தரையோடு ஒட்டியிருக்கிறது. இயந்திரத்தின் அடியிலுள்ள சின்ன மூடியை ஒரு கையால் திருகிக்கொண்டே, மறு கையால் ஒரு பிளாஸ்டிக் பெட்டியை அதன் கீழே தள்ளுகிறார். கடைசியாகத் தங்கி நின்ற தண்ணீர் அதற்குள் வடிகிறது. கூடவே ஒரு சட்டைப் பொத்தானும் சில மீன் செதிள்களும் வந்து விழுகின்றன. எல்லாம் வடிந்த பிறகும் அவர் எழும்பமாட்டார். காதை அந்தத் துவாரத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் கிடப்பார். தரையில் குப்புறக் கிடக்கும் ஒரு மனிதரைப் பற்றி மரியாதையாக எழுதுவது சுலபமில்லை. ஆனால் நான் அவரைத் தெளிவாக நினைவில் வைத்திருப்பது அந்த நிலையில்தான்.

அவர் என் மனைவியின் தமக்கையைக் கட்டியவர். சிட்னியில், பரமட்டாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தார். நான் செவன் ஹில்ஸில் ஒரு பண்டகசாலையில் இருந்தேன். ஒரே வீட்டில் பெண் எடுத்ததைத் தவிர எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது மீன்பிடிக்கிற ஆசை ஒன்றுதான். அந்த ஆசையில், சிட்னியிலிருந்து ஐந்தாறு மணி நேர ஓட்டத்தில், கூமா நகரத்தைத் தாண்டி, மலைப்பக்கத்து ஏரிக்கரையில் ஒரு பழைய கபினை இருவருமாக வாங்கினோம். கோடை முழுவதும் இரண்டு குடும்பங்களும் விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் அங்கே ஓடிவிடும். சலவை இயந்திரம் சகோதரிகள் இருவரும் பிடிவாதமாகக் கேட்டு வாங்கியது. மீன் மணக்கும் உடுப்புகளோடு ஒரே காரில் பிளாக்டவுனில் இருக்கும் வீடுவரை மூச்சுவிட்டுக்கொண்டு வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

நாங்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்கள். வீட்டைப் பூட்டுவதென்றால் யன்னல்களைச் சாத்தி, மெயின் சுவிட்சை நிறுத்தி, திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது. முதல் வருடம் குளிர் தொடங்கும்போது கபினையும் அப்படித்தான் பூட்டினோம். அது போதாதென்று, திரும்பி வரும்போது வீடு வெறுமையாக இருக்கக் கூடாது என்று மச்சாள், அதாவது மனைவியின் தமக்கை, ஒரு பெரிய கண்ணாடிச் சாடி நிறையத் தண்ணீர் வைத்து அதற்குள் இரண்டு பூவும் போட்டுவிட்டு வந்தார். குளிர் முடிந்து போனபோது சாடி சில்லுச் சில்லாகக் கிடந்தது. குசினிக் குழாய் நீளவாக்கில் பிளந்திருந்தது. தண்ணீரைத் திறந்ததும் சலவை இயந்திரத்தின் பின்பக்கத்திலிருந்து சுவர் முழுக்கப் பீய்ச்சியடித்தது. தண்ணீர் உறைந்தால் பருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் எழுதிப் புள்ளி வாங்கியவர்கள்தான் நாங்கள். ஆனால் எங்கள் ஊரில் அது பரீட்சைத் தாளில் மட்டும்தான் உறைந்தது.

அதன் பிறகு, இங்கே குளிர் தொடங்கும் மே மாதத்தில் ஒவ்வொரு வருடமும் சகலனும் நானும் போய்க் கபினைப் பூட்டினோம். அது தனி ஆளால் ஆகிற காரியமில்லை. ஒருவர் வெளியே நிலத்து மூடிக்குள் இருக்கும் பிரதான வால்வை அடைத்து, அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்து விடவேண்டும். மற்றவர் உள்ளே நின்று குழாய்களை ஒவ்வொன்றாகத் திறக்கவேண்டும். வெந்நீர்த் தாங்கியை வடிக்கவேண்டும், கழிப்பறைத் தொட்டியைத் துணியால் ஒற்றி எடுக்கவேண்டும். கடைசியில்தான் சலவை இயந்திரம். இரண்டு ஹோஸையும் கழற்றி, உள்ளே நிற்கும் தண்ணீரைப் பம்ப் பண்ணி, அடி மூடியைத் திறந்து மிச்சத்தையும் வடித்து, உறையாத இளஞ்சிவப்புத் திரவம் கொஞ்சம் ஊற்றி ஒரு நிமிடம் ஓடவிடவேண்டும். நான் அவசரப்படுவேன். சகலன் படுத்துவிடுவார். "ஓடுற தண்ணி ஒண்டும் செய்யாது தம்பி. மூலையிலை ஒளிச்சு நிக்கிறதுதான் உடைக்கும்" என்பார். அவர் குழாயைப் பற்றித்தான் சொன்னார். பெரிய தத்துவம் பேசுகிற ஆளில்லை.

பிரச்சினை அவருடைய மகனின் கலியாணத்தில் வந்தது. கலியாணம் மெல்பேர்னில். எங்கள் ஆட்களில் கலியாணத்துக்குச் சொல்வதென்றால் புருசனும் பெண்சாதியுமாக வெற்றிலைத் தட்டோடு வீடு தேடிப் போய்ச் சொல்லவேண்டும். மச்சாள் சிட்னி முழுவதும் அப்படிப் போய்ச் சொன்னார். கூடப்பிறந்த தங்கச்சிக்கு மட்டும் கார்டைப் படமாகப் போனில் அனுப்பினார். என் மனைவி கோயிலில் கண்டவர்கள் எல்லோரிடமும் விசாரித்துப் பார்த்தாள். அவர்கள் எல்லோருடைய வீட்டுக்கும் தட்டு போயிருந்தது. தான்தான் அந்த வீட்டுக்கு வேண்டாதவள் என்று முடிவெடுத்தாள். கலியாணத்துக்குப் போகவில்லை. நானும் போகவில்லை, போயிருந்தால் வீட்டில் சோறு கிடைத்திருக்காது. சபையில் தன் தங்கச்சியின் கதிரை காலியாகக் கிடந்ததை மச்சாளும் மன்னிக்கவில்லை. இரண்டு பேரும் கதைப்பதை நிறுத்தினார்கள்.

குளிருக்கு அதெல்லாம் தெரியாது. அடுத்த மே மாதமும் கபினைப் பூட்ட வேண்டியிருந்தது. சகலனுக்கும் எனக்கும் கோபமில்லை. ஆனால் அவரவர் வீட்டில் இருக்கவேண்டுமே. ஆகையால் ஒரே சாலையில் இரண்டு காரில் போனோம். கூமாவில் ஒரே பெற்றோல் நிலையத்தில் நிறுத்தி, ஒரே கண்ணாடி அலுமாரியிலிருந்து இறைச்சி அடைத்த இரண்டு மாப்பண்டம் வாங்கி, தனித்தனியாக நின்று தின்றோம். கபினில் அவர் உள்ளிருந்து "திறவும்" என்பார், நான் "ஓம்" என்பேன். வேலை வழக்கத்தைவிட வேகமாக முடிந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு வருடம் அப்படியே போனது. கோடையிலும் இரண்டு குடும்பங்களும் மாறி மாறித்தான் போயின. பிறகு மச்சாள், கபினை விற்றுத் தொலைப்போம் என்று சொல்லி அனுப்பினார். என் மனைவியும் சரியென்றாள். குளிர் முடிந்ததும் விற்பதாகப் பேச்சு. இரண்டு வீட்டுக்கும் பொதுவாக மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அதுவும் போனால் இந்த இரண்டு பெண்களும் இனி யாராவது ஒருவரின் செத்தவீட்டில்தான் சந்திப்பார்கள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை. செய்வதற்கு என்ன இருக்கிறது என்றும் தெரியவில்லை.

மே மாதத் தொடக்கத்தில் ஒரு மாலை வாசல் மணி அடித்தது. மனைவிதான் கதவைத் திறந்தாள். சகலன் வேட்டி கட்டி, அதற்கு மேலே ஆஸ்பத்திரிக்குப் போடும் தடித்த ஜாக்கெட்டோடு நின்றார். பக்கத்தில் மச்சாள் காஞ்சிபுரம் சேலையில். கையில் தட்டு. அதில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், சந்தனம், குங்குமம் எல்லாம் இருந்தன. கார்டு மட்டும் இல்லை.

"பிள்ளை, வாற சனிக்கிழமை கபின் பூட்டுறம்" என்றார் சகலன். "நீரும் உம்மடை மனுசனும் கட்டாயம் வரவேணும். முறையாச் சொல்லிப்போட்டுப் போக வந்தனாங்கள்."

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "பகிடியோ அத்தான்?"

"பகிடிக்கு ஆர் இந்தக் குளிருக்கை வேட்டி கட்டிக்கொண்டு வாறது?"

மச்சாள் தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். "அப்பவே வந்திருக்கவேணும்" என்றார். "நீ என்ரை தங்கச்சிதானே எண்டுதான் வரேல்லை. வேற ஆளெண்டால் வந்திருப்பன்."

மனைவி இரண்டு கையாலும் தட்டை வாங்கினாள். குங்குமத்தைத் தொட்டு வைத்துக்கொண்டாள். எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது என்று மட்டும் கேட்டாள்.

கபினை நாங்கள் விற்கவில்லை. சகலன் காலமாகி இரண்டு வருடமாகிறது. இப்போது இயந்திரத்தின் முன்னால் படுப்பது நான். காதை வைத்துக் கேட்கிறேன், எனக்கு ஒன்றும் கேட்பதில்லை. அவர் இல்லாதது அந்த நேரத்தில்தான் எனக்கு அதிகமாக வலிக்கிறது. மற்ற நாட்களில் சமாளித்துவிடுகிறேன்.

தட்டோடு வந்து சொன்ன அந்தச் சனிக்கிழமை நான்கு பேரும் ஒரே காரில் போனோம். வழி முழுக்கச் சகோதரிகள் இருவரும் பின்சீட்டில் ஆளுக்கொரு யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். போய் இறங்கியதும் மனைவி கட்டில் விரிப்புகளை உருவி எடுத்துச் சலவை இயந்திரத்துக்குள் போட்டாள். மச்சாள் தலையணை உறைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். தண்ணீரை அடைக்கவேண்டிய நாளில் தோய்க்கத் தொடங்கிவிட்டார்கள். காயப்போட வெயிலும் இல்லை. சகலனும் நானும் வேலைச் சாமான்களோடு வெளியே படியில் உட்கார்ந்தோம். இயந்திரம் ஓடும் சத்தத்துக்கு மேலால் இரண்டு குரல்களும் கேட்டன. முதலில் ஒன்று, பிறகு மற்றது, பிறகு இரண்டும் ஒன்றாக. நடுவே ஒருத்தி அழுதாள். யாரென்று சுவருக்கு வெளியிலிருந்து சொல்ல முடியவில்லை, குரல் இருவருக்கும் ஒன்றுதான்.

இயந்திரம் நின்றது. நான் வால்வு மூடியைத் திறக்க எழும்பினேன். உள்ளே இயந்திரத்தின் கதவு டக்கென்று சாத்தப்பட்டது. மறுபடி தண்ணீர் ஏறும் சத்தம். எட்டிப் பார்த்தேன். யன்னல் சீலைகளைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். அவை ஏற்கெனவே தோய்த்து மாட்டியவை.

"அண்ணை, இருட்டப்போகுது" என்றேன்.

சகலன் பிளாஸ்கைத் திறந்து எனக்கும் ஒரு கோப்பை தேத்தண்ணி ஊற்றினார்.

"ஓடட்டும் தம்பி. ராவைக்குத்தானே உறையும்" என்றார்.