அண்ணன் கொடுக்காத ரத்தம்

“எனக்கு ஏத்துனது உன் ரத்தம்தானே அண்ணே?”

1986-இல், விழுப்புரம் ஆஸ்பத்திரியில் பிரசவத்தில் செத்துப் பிழைத்த தங்கை கெங்கம்மாள் கேட்டபோது, பெரியதம்பி ஆமென்று தலையாட்டினார். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ரத்தம் கொடுத்தால் வயலில் மல்லாட்டைக் கடலை பிடுங்கத் தெம்பிருக்காது என்று பயந்து, முந்தின நாள் அவர் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிவிட்டார். கொடுத்தவர், பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருந்த செஞ்சிப் பக்கத்துச் சமண விவசாயி சுமதிநாதன்.

“கறி தின்னாத உடம்பு, எப்படிங்க தாங்குச்சி?” என்றார் திரும்பிவந்த பெரியதம்பி.

“ஒரு டீயில சரியாப்போச்சு. நீங்க ஓடுன ஓட்டத்துக்குத்தான் நாலு டீ வேணும்!”

தங்கை கும்பிட்டது அவர் மனசை அரித்தது. அறுவடை முடியுமுன்னே திண்டிவனம் ரத்ததான முகாமில் யாரோ ஒருவருக்காக ரத்தம் கொடுத்தார். பிறகு தங்கையிடம் உண்மையைச் சொன்னார். அவள் ஒரு வாரம் முகம்கொடுத்துப் பேசவில்லை.

இதை என்னிடம் சொன்ன பெரியதம்பி, தான் ஓடியதையும் மறைக்காமல் எல்லாருக்கும் சொல்லச் சொன்னார். நீங்களும் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.