ரேகை விழாத விரல்

இந்த ஊரில் கக்கூஸ் கழுவுகிறவனையும் பாஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள். மலாய் நாட்டுத் தலைநகரில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன ஹோட்டலில் அறை துடைக்கிறேன். வந்த புதிதில் யாராவது "பாஸ்" என்றால் பின்னால் திரும்பிப் பார்ப்பேன். என்னைத்தான் கூப்பிட்டிருப்பார்கள்.

திருச்சி லாட்ஜில் வேலை பார்த்தபோது அறை முடிந்ததும் நோட்டில் நானே எழுதிக் கையெழுத்துப் போடுவேன். என் கோணல் எழுத்து இன்னொருவனுக்கு வராது. இங்கே எல்லாம் முன்மேசைக் கம்ப்யூட்டரில். ஆளுக்கு ஒரு கணக்கு, ஒரு பாஸ்வேர்ட். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. முன்மேசையில் இருந்த சிவாண்ணன், கிள்ளானிலிருந்து ரயிலில் வருகிறவர், "நீ டைப் பண்ணி முடிக்கிறதுக்குள்ள லஞ்ச் ஆயிடும் லா. நான் போட்டுடறேன், நீ போய் வேலையப் பாரு" என்றார். என் பாஸ்போர்ட் நம்பரையே பாஸ்வேர்டாக வைத்தார். உதவி என்றுதான் நினைத்தேன்.

ஒரு நாள் மேனேஜர் அம்மா கூப்பிட்டார். ரிப்பேர் என்று பூட்டியதாகக் காட்டிய அறைகளில் ஆட்கள் தங்கிப் போயிருக்கிறார்கள். வாடகை ஹோட்டலுக்கு வரவில்லை. ரிப்பேர் என்று போட்டதெல்லாம் என் கணக்கிலிருந்து.

"நான் போடல மேடம்."

"உன் பேருதானே இருக்கு? பெர்மிட் லெட்டர்ல நான் எப்படி சைன் வைக்கிறது, சொல்லு."

வேலை பெர்மிட் முடியப் பதினோரு நாள் இருந்தது. கையெழுத்து இல்லையென்றால் ஊருக்கு விமானம்தான்.

எனக்கு வாதாட வராது. ரிப்பேர் என்று போட்ட தேதிகளை வாசிக்கச் சொன்னேன். கடைசி, செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று. அந்நேரம் நான் பெர்மிட்டுக்கு ரேகை வைக்கக் குடிநுழைவு அலுவலகத்தில் நின்றேன். பிளீச்சில் வெந்த விரல். மெஷின் எடுக்கவில்லை. மலாய் அதிகாரி தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். என் தலையெழுத்தைச் சொல்கிறார் என்று எண்ணித் தலையாட்டினேன். அவர் சிரித்து, என் விரலைப் பிடித்து என் நெற்றியிலேயே தேய்த்தார். அந்த எண்ணெய்ப் பசையில் ரேகை விழுந்தது. வெளியே வர மத்தியானம் ஆனது. வரிசைச் சீட்டு சட்டைப்பையிலேயே கிடந்தது. அதில் அந்தச் செவ்வாய்க்கிழமைத் தேதி, மணி பத்து ஐம்பது. எடுத்து மேசையில் வைத்தேன்.

மேடம் சீட்டைக் கம்ப்யூட்டரோடு ஒத்துப் பார்த்தார். "பாஸ்வேர்ட் வேற யாருக்குத் தெரியும்?"

சொன்னேன். மேடம் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிவாண்ணன் யாரோ ஒருவரிடம் "வாங்க பாஸ்" என்று சிரித்துக்கொண்டிருந்தார். மறுநாள் அந்த நாற்காலியில் வேறு ஆள். லெட்டரில் கையெழுத்து விழுந்தது. இன்னும் ஒரு வருடம்.

மனைவிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "நல்லதாப் போச்சு" என்றாள். பிறகு, "ரேஷன் கடையில உங்க ரேகை கேக்குறாங்க. நேர்ல வந்து வைக்கலேன்னா கார்டுலேருந்து பேரை எடுத்துருவாங்களாம்" என்றாள்.

விரலைப் பார்த்தேன். நெற்றியில் ஒருமுறை தேய்த்துக்கொண்டேன்.