கேசரிக்காகத் தேடிய கொடி

என் மகள் பிறந்தநாளுக்கு நான் கிளறிய கேசரியை வாயில் போட்டதும், மூத்த ஓரகத்தி மல்லிகா அத்தனை உறவுக்காரர்கள் முன்னாலும் கேட்டாள்: "இன்னாடி, ரேஷன்ல சக்கரை போடலியா?" எல்லோரும் சிரித்தார்கள். பழிவாங்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் கொஞ்ச நேரம் நாக்குக்கு இனிப்பே தெரியாது என்று படித்திருந்தேன். அவள் கேசரி கிளறும் நாளில் அதைக் கொடுத்துவிட வேண்டும். ருசி பார்த்துப் பார்த்துச் சர்க்கரையைக் கொட்டி, சபையில் அவமானப்படட்டும்!

செஞ்சிக் கோட்டை அடிவாரத்து வேலியில் படர்ந்திருந்த கொடியைப் போனில் இருந்த படத்தோடு ஒப்பிட்டேன். அதேதான் என்று பறித்து வந்து, சோதிக்க நாலு இலையை மென்று சர்க்கரையை வாயில் போட்டேன். இனித்தது. போதவில்லை போல என்று இன்னும் நாலு மென்றேன். அரை மணி நேரத்தில் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி.

தலையைப் பிடித்து, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவள் பக்கத்து வீட்டில் இருக்கும் அதே மல்லிகாதான். மீதி இலையைப் பார்த்து, "வாந்தி எடுக்க வெக்கிற நஞ்சறுப்பான்டி இது! இத்த எதுக்குத் தின்ன?" என்றாள். உண்மையைச் சொல்ல முடியுமா?

"சக்கரைக்குக்கா" என்று முனகினேன்.

எனக்குச் சர்க்கரை நோய் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். எந்தப் பந்தியிலும் என் இலையில் விழும் கேசரியை அவளே எடுத்துவிடுகிறாள்.

இப்போதெல்லாம் செடி தெரிந்தவர்களிடம் காட்டாமல் எந்த இலையையும் நான் வாயில் வைப்பதில்லை. சிறுகுறிஞ்சானை நர்சரியில் கேட்டு வாங்கித் தொட்டியில் வைத்திருக்கிறேன். நன்றாகத் துளிர்த்திருக்கிறது.

தை மாதம் மல்லிகா மகளுக்கு நிச்சயதார்த்தம். கேசரி அவளே கிளறப் போகிறாளாம்.