டோல்கேட் என்ற பூனையும் என் சிறுநீர்ப்பையும்

லாரியின் பின்கதவுக்கு அளவெடுத்துவிட்டுத் திரும்பி நடந்துகொண்டிருந்தேன். "மேஸ்திரி, செருப்ப உட்டுப்போட்டுப் போறீங்க" என்று பின்னாலிருந்து வெல்டர் கூப்பிட்டார். குனிந்து பார்த்தால் இடது கால் வெறுங்காலாக இருந்தது. சித்திரை மாதத்து மண் கொதித்துக்கொண்டிருந்தது. என் கால் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுவது என் தொழில். முதுகுவலி இந்தத் தொழிலோடு கூடப் பிறந்தது என்று நினைத்திருந்தேன். மாலையானால் வரும் லேசான காய்ச்சலுக்கு வெயிலைக் காரணம் சொல்லிக்கொண்டேன். செருப்புக்குத்தான் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. இதைப் படிப்பவர்களில் யாருக்காவது செருப்பு கழன்றது தெரியாமல் போனால், தயவுசெய்து தைலத்தைத் தேடாதீர்கள். மருத்துவரிடம் போங்கள்.

சேலத்தில் ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். முதுகுத்தண்டில் காசநோய் (கிருமி எலும்பை அரித்து, அதற்குள் ஓடும் நரம்புத்தண்டை அழுத்தும் நோய்) என்றார் மருத்துவர்.

"எனக்கு இருமலே இல்லீங்களே டாக்டர்?"

"காசநோய் நெஞ்சுலதான் வரணும்னு இல்லைங்க. நல்லா குணமாகுற நோய்தான். ஆனா நரம்பு மெதுவாத்தான் திரும்பி வரும். நீங்க அதை அவசரப்படுத்த முடியாது" என்றார் அந்த டாக்டரம்மா.

அறுவை சிகிச்சை நடந்தது. தினமும் வெறும் வயிற்றில் விழுங்க மாத்திரைகள் தந்தார்கள். சிறுநீர் செம்மண் கரைத்த நிறத்தில் போகும், பயப்படக் கூடாது என்று முன்கூட்டியே சொன்னார்கள். மெல்ல மெல்லக் கால்கள் அசைந்தன. வாக்கரைப் பிடித்து நிற்கவும் முடிந்தது. சிறுநீர்ப்பை மட்டும் விழிக்கவில்லை. நியூரோஜெனிக் பிளாடர் (நரம்பின் கட்டளை வந்து சேராததால் தானாகக் காலியாகாத சிறுநீர்ப்பை) என்று அதற்குப் பெயர்.

நிரந்தரமாகக் குழாய் போட்டுவைத்தால் கிருமி ஏறும், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய கதீட்டரை (சிறுநீர்க் குழாய்) நீங்களே செலுத்தி, காலி செய்து, எடுத்துவிட வேண்டும் என்றார் மருத்துவர். தவறினால் சிறுநீரகம் கெடும். எனக்கும் என் மனைவி செல்விக்கும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தார்கள். செல்வி கற்றுக்கொண்டாள். எனக்குக் கை நடுங்கியது.

நடுக்கம் பயத்தால் வந்ததில்லை. அவள் செய்தால் அது நோயாளிக்குச் செய்யும் ஒத்தாசை, என்றைக்காவது ஒருநாள் நின்றுவிடும். நானே செய்தால் இனி இதுதான் என் உடம்பு என்று கையெழுத்துப் போட்ட மாதிரி. அதனால் குழாயைக் கையில் வாங்கவே மாட்டேன் என்றேன். அதற்காகச் செல்வி துண்டு தைக்கும் கம்பெனி வேலையை விட்டாள். எங்கே போனாலும் நான்கு மணி நேரத்தில் திரும்பியாக வேண்டும். கட்டிப்போட்ட மாடு சுற்றி வருகிற தூரம்தான் அவளுடைய உலகம் என்றாகிவிட்டது.

நாங்கள் குடியிருந்தது மாடி வீடு. ஏறி இறங்க முடியாது. அதனால் ஆட்டையாம்பட்டியில் செல்வியின் தங்கை பூங்கொடி வீட்டுக்குப் போனோம். சேலம் ஆஸ்பத்திரிக்கும் அது கிட்டம். அவள் வீட்டை ஒட்டி ஓட்டம் நின்றுபோன தறிக்கொட்டகை ஒன்று இருந்தது. அதில் பூனைகள் வாழ்ந்தன. கண் இல்லாதது, கால் இல்லாதது, இடுப்பு செத்தது என்று எந்தப் பூனையைக் கண்டாலும் பூங்கொடியிடம் கொண்டுபோய் விடலாம் என்பது சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரிந்த விஷயம். எங்கே கிடைத்ததோ அதுவே பூனைக்குப் பெயர். பேக்கரி, சந்தை, டோல்கேட்.

"வாங்க மச்சான். இங்க எல்லாரும் உங்களாட்டந்தான். ஒருத்தரும் வேடிக்க பார்க்க மாட்டாங்க" என்று கொட்டகைக்குள்ளேயே கட்டிலைப் போட்டாள் பூங்கொடி. எனக்குக் கோபம்தான் வந்தது. கடைசியில் பூனைகளோடு சேர்த்துவிட்டார்களே என்று.

இன்று அந்தக் காலைகளை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. விடிந்ததும் பக்கத்து விசைத்தறிகள் ஓடத் தொடங்கும். பார்வையில்லாத சந்தைக்கு அந்தச் சத்தம்தான் திசை. சத்தத்துக்கு முதுகைக் காட்டி நடந்தால் சோற்றுத் தட்டு. கரண்ட் போய்த் தறி நின்றால், அது நின்ற இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து நடக்கும். நடுவில் நின்றுபோன நேரத்தைப் பற்றி அதற்கு ஒரு புகாரும் இருக்காது.

கோழிப்பண்ணையிலிருந்து விரிசல் விட்ட முட்டைகளை ஒருவர் கொண்டுவந்து கொடுப்பார். அவற்றை வேகவைத்து உரிப்பது என் வேலையானது. பேக்கரிக்குச் சிறுமூளை சரியாக வளரவில்லை (உடம்பின் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் மூளைப் பகுதி அது). முழுப் போதையில் இருப்பவன் மாதிரி தள்ளாடி வந்து, தட்டுக்குப் பதிலாக என் மடியில் விழும். நான் வாக்கரோடு நடக்கப் பழகியதும் அதோடு சேர்ந்துதான். இரண்டு பேரும் எதிரெதிரே வந்தால் யார் முதலில் விழுவது என்று பூங்கொடி நின்று பார்ப்பாள்.

டோல்கேட், பைபாஸில் வண்டியில் அடிபட்ட பூனை. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. சிறுநீரும் தானாகப் போகாது. ஒரு நாளில் பல தடவை பூங்கொடி அதைத் துண்டில் கிடத்தி, வயிற்றுக்குள் சின்ன எலுமிச்சை போலத் தட்டுப்படும் பையை இரு விரலால் தேடி, மெதுவாக அமுக்கிக் காலி செய்வாள். முதல்முறை பார்த்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பார்க்கப் பிடிக்காததற்குக் காரணம் உங்களுக்கே தெரியும்.

அதற்குச் சக்கரவண்டி செய்துதருகிறேன் என்று நானாகவே சொன்னேன். பட்டறை ஆட்களை வரவழைத்து, படுத்தபடியே அளவு சொன்னேன். லாரி கட்டிய கை சும்மா இருக்குமா? இரும்பு ஆங்கிள் வைத்து வெல்டிங் செய்து, மட்கார்டு மாட்டி, சிவப்பு பெயின்ட் அடித்து, பின்னால் 'ஒலி எழுப்பவும்' என்றும் எழுதியாயிற்று. திருஷ்டிக்குக் கறுப்புக் கயிறும் தொங்கியது. டோல்கேட்டை அதில் பூட்டினோம். அது ஓர் அங்குலம் நகரவில்லை. லோடு ஏற்றிய லாரியைப் பூனை எப்படி இழுக்கும்?

"மச்சான், இதுக்கு எஃப்சி காட்டோணுங்களா?" என்று, லாரிக்கு வாங்கும் தகுதிச் சான்றைச் சொல்லிக் கேட்டாள் பூங்கொடி. செல்வி சிரித்தாள். நானும் சிரித்தேன். நோய் வந்த பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றுதான். பிறகு பிளாஸ்டிக் குழாயில் எடை குறைவாக ஒன்று செய்தேன். டோல்கேட்டுக்கு அதுவும் பிடிக்கவில்லை. வழவழப்பான சிமென்ட் தரையில் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு, வெயில் விழும் இடம் எதுவோ அங்கே போய்ப் படுத்துக்கொண்டது.

டோல்கேட்டின் பையை அமுக்கப் பூங்கொடி எனக்கும் பழக்கிவிட்டாள். "பயந்துட்டு அமுக்குனா அதும் இறுக்கிக்குமுங்க. அது மூச்சு உடற வரைக்கும் பொறுத்துக்கோணும்." அவளுக்கு இதைக் கால்நடை மருத்துவர்தான் நேரில் காட்டித் தந்திருந்தார்; அப்படிப் பழகாமல் யாரும் இதைச் செய்யக் கூடாது, பை கிழிந்துவிடும். சில வாரங்களில் எனக்குக் கை பழகிவிட்டது. பூனைக்கு நடுங்காத கை எனக்கு மட்டும் நடுங்கியது.

வாழப்பாடியில் இருந்த என் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவைக்கு முன்னால் மகள்கள் இருவரும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று பிடிவாதம். பூங்கொடியின் கணவர் காரை எடுத்தார். செல்வி எனக்குக் காலையில் காலி செய்துவிட்டு, மதியத்துக்குள் வந்துவிடுவதாகச் சொல்லிப் போனாள். டோல்கேட் என் பொறுப்பு.

மதியம் போன் வந்தது. "ஏனுங்க, இன்னும் ஆபரேசன் தியேட்டருக்கே கூட்டிட்டுப் போகலீங்க. அம்மா என் கையிய உடமாட்டீங்குது. நீங்க எப்படி இருக்கறீங்க? நா வேண்ணாப் பொறப்பட்டு வந்தர்றனுங்க." பெற்றவளா, கட்டியவனா என்று அவளை இரண்டாகக் கிழித்துக்கொண்டிருந்தது என் சிறுநீர்ப்பை.

பை நிறைந்தால் எனக்கு அங்கே உணர்வு வராது. நெற்றி வியர்க்கும், தலை கனக்கும். அப்போது வியர்த்துக்கொண்டுதான் இருந்தது. "கொஞ்சம் இரு, நானே கூப்பிடறேன்" என்று போனை வைத்தேன்.

டோல்கேட்டின் நேரமும் அதுதான். துண்டில் கிடத்தி, எலுமிச்சையைத் தேடி, அது மூச்சு விடும்வரை காத்திருந்து அமுக்கினேன். போய் முடிந்ததும் துடைத்துவிட்டேன். அது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெயிலுக்கு இழுத்துக்கொண்டு போனது. அதன் முகத்தில் அவமானமும் இல்லை, நன்றியும் இல்லை. ஒரு வேலை முடிந்தது, அவ்வளவுதான். இவ்வளவு சின்ன விஷயத்துக்கா ஒரு பெண்ணை வீட்டோடு கட்டிப்போட்டிருக்கிறேன் என்று அழுகை வந்தது. கொட்டகையில் என்னைக் கேட்க யாரும் இல்லாததால் வாய்விட்டே அழுதேன்.

சோப்புப் போட்டுக் கையை இரண்டு முறை கழுவினேன். கட்டிலில் சாய்ந்து, குழாய் உறையைப் பிரித்து, மருத்துவர் சொன்ன வரிசையில் ஒவ்வொன்றாகச் செய்தேன். பாதியில் உடம்பு இறுகியது. குழாயைத் தள்ளாமல், மூச்சு விடும்வரை என்னையும் பொறுத்துக்கொண்டேன். செம்மண் நிறத்தில் பாத்திரத்தில் விழுந்த சத்தம் இன்றும் நினைவிருக்கிறது. தலைக்கனம் இறங்கியது.

செல்வியைக் கூப்பிட்டேன். "இங்க ரெண்டு பேருக்கும் ஆயிருச்சு. நீ இருந்து அம்மாளப் பாத்துட்டு நாளைக்கு வா சாமி."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

இப்போது நாங்கள் நாமக்கல்லில் தரைத்தளத்து வீட்டில் இருக்கிறோம். மாத்திரைகள் முடிந்துவிட்டன. கைத்தடியோடு நடக்கிறேன், பட்டறையில் நாற்காலியில் உட்கார்ந்து அளவு சொல்கிறேன். சிறுநீர்ப்பை பாதிதான் விழித்திருக்கிறது, மீதியை என் கை பார்த்துக்கொள்கிறது. டோல்கேட் போன மார்கழியில் இறந்துபோனது. பூங்கொடி அதைக் கொட்டகைக்குப் பின்னால் புதைத்தாள். அந்தப் பூனைக்கு நான் பட்ட கடனை எங்கே போய்த் தீர்ப்பது என்று தெரியவில்லை. இன்னும் மாதம் ஒருமுறை அங்கே முட்டை உரிக்கப் போகிறேன்.

இந்த நோயைப் பற்றி நான் எழுதியதைப் படித்தவர்கள், உடம்பு தேறியதை எதை வைத்து அறிவது என்று கேட்டு எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள். முன்பெல்லாம் எத்தனை தூரம் நடந்தேன் என்பதை வைத்துப் பார்த்தேன். செல்வி மறுபடியும் கம்பெனி வேலைக்குப் போகிறாள். சென்ற மாதம் உடன் தைக்கும் பெண்களோடு ராமேஸ்வரம் சுற்றுலா போனாள். முதல் நாள் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை போன் செய்து, "ஆச்சுங்களா?" என்று கேட்டாள். இரண்டாம் நாள் காலையும் மாலையும் மட்டும் கேட்டாள். மூன்றாம் நாள் முழுக்க எனக்குப் போன் செய்யவே மறந்துவிட்டாள். அன்றுதான் எனக்குக் குணமாகிவிட்டது என்று நம்பினேன்.