பதினாறு படிக்கு ஒரு கல்

காலை 7.10. வில்லிவாக்கத்தில் ஐந்து ரூபாய் டிக்கெட் வாங்கி ஆவடி ரயிலில் ஏறினேன். கோபுரத்தைப் படமெடுப்பவர்கள் உண்டு, குருவியைப் படமெடுப்பவர்கள் உண்டு, எனக்குப் படிக்கட்டு. படியின் மேல் அடி ஸ்கேலை நிறுத்தி, உயரம் தெரியும்படி எடுப்பேன். ஆளுக்கொரு கிறுக்கு.

அண்ணனூரில் இறங்கி நடைமேம்பாலத்தில் பதினோரு படம் எடுத்தேன். ஆறு அங்குலப் படி. காய்கறிப் பையோடு ஏறிய அம்மாள் ஒரு தடவைகூட நின்று மூச்சு வாங்கவில்லை. நல்ல படிக்கு அதுதான் அத்தாட்சி.

8.30. வெள்ளானூருக்கு ஆட்டோ, பேரம் பேசி நூற்றைம்பது ரூபாய். ஓட்டுநர் பாபு என் ஸ்கேலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இன்னா சார், ரோடு அளக்கற ஆளா?"

"இல்லைங்க, படிக்கட்டுகளைப் படம் எடுக்கிறேன்."

"எத்தினியோ பேர ஏத்திகினு போயிருக்கேன். படிக்கட்டு பாக்க வந்தவரு நீதான் சார். நம்ம மச்சான் செல்வம் மேஸ்திரி. இன்னிக்கு ஒரு ஊட்ல படிக்கு கான்கிரீட் போடறான். வா, இட்டுகினு போறேன்."

9.00. அந்தப் புது வீட்டில் மாடிப்படிக்குப் பலகை அடித்து, கம்பி கட்டித் தயாராக வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் ஆரோக்கியசாமி ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஊழியர். இத்தனை வருடமும் குவார்ட்டர்ஸ் வாசம். அவர் மனைவி ஸ்டெல்லாவுக்கு வலது முட்டியில் தேய்மானம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அந்த ஸ்கேலை வச்சுப் பாருங்க சார்" என்றார். வைத்தேன். ஒரு படி எட்டு அங்குலம், மொத்தம் பதினைந்து படி.

"கேட்டீங்களா?" என்று கணவரிடம் திரும்பினார். "சொந்த மாடிய நான் கீழருந்து அண்ணாந்துதான் பாக்கணும்."

"இன்னொரு படி சேத்தா ஏழரை ஆயிடும்மா, எடம் கீது" என்றார் செல்வம். "சாருதான் ஒத்துக்க மாட்றாரு."

காரணம் நமக்குத் தெரிந்ததுதான். லாபம், நட்டம், லாபம் என்று மாற்றி மாற்றி எண்ணினால் கடைசிப் படி லாபத்தில் முடிய வேண்டும். பதினைந்து லாபம், பதினாறு நட்டம். பதினேழு போட்டால் பைக் நிறுத்த இடமில்லை.

"நாங்க வேதக்காரங்க, இதெல்லாம் பாக்கக்கூடாதுதான்" என்று நெளிந்தார் ஆரோக்கியசாமி. "ஆனா கைல இருந்த மொத்தத்தையும் இதுலதான் போட்டிருக்கேன். எதுக்கு வம்பு?"

பத்து மணிக்குக் கலவை மிஷின் வரும். ஊற்றிவிட்டால் ஊற்றியதுதான். என்னால் முடிந்தது, கேமராவில் அண்ணனூர்ப் படிகளைக் காட்டினேன். மனிதர் பார்த்தார், மசியவில்லை.

ஸ்டெல்லா கேமராவை வாங்கிப் பழைய படங்களையும் தள்ளிக்கொண்டே போனார். அம்பத்தூர் வீடு ஒன்றில் நிறுத்தினார். அதில் முதல் படிக்கு முன்னால் தரையோடு ஒரு கல் பதித்திருந்தார்கள்.

"மேஸ்திரி, இந்தக் கல்லையும் படின்னு எண்ணுவாங்களா?"

"ஏன் எண்ணக்கூடாது? காலு பட்டா படிதான். வண்டியும் அது மேலயே ஏறி நின்னுக்கும்."

ஆரோக்கியசாமி விரல்விட்டு எண்ணினார். கல்லில் லாபம் என்று தொடங்கி, பதினேழில் லாபம் என்று முடித்தார். அதுவரை உர்ரென்று இருந்த முகத்தில் பல் தெரிந்தது. "அப்போ பதினாறே போடுப்பா."

செல்வம்தான் முணுமுணுத்தார், பலகையைப் பிரித்து அடிக்க ஒரு நாள் போகும். கலவை மிஷினுக்குப் போன் போட்டு நாளைக்கு வரச் சொன்னார். ஸ்டெல்லா எனக்கு டீ கொடுத்தார். "அடுத்த தடவை மாடில வச்சுத் தரேன் சார்" என்றார். எனக்கே வீடு கட்டிய மாதிரி சந்தோஷமாக இருந்தது.

பிற்பகல் 1.00. வீடு திரும்பினேன். ஊர்ப் படிகளையெல்லாம் அளந்தவன் எங்கள் மாடிப்படியை அளந்ததே இல்லை. ஸ்கேலை வைத்தேன். ஒன்பது அங்குலம். மாடியில் காற்று வாங்கலாம் வா என்றால், என் மனைவி வசந்தா இரண்டு வருடமாக ஏதாவது வேலை சொல்லித் தட்டிக்கழித்துவந்தாள். சோம்பேறி என்று சொந்தக்காரர்கள் முன்னால் கேலி செய்திருக்கிறேன். வெட்கமாகிவிட்டது.

"முட்டி வலிக்குதா உனக்கு?" என்று கேட்டேன்.

கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "இப்பதான் கேக்கத் தோணுச்சா?"

அன்று சாயங்காலம் மாடியிலிருந்த என் நாற்காலியைக் கீழே கொண்டுவந்து, வாசலில் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டேன். அங்கேயும் நல்ல காற்றுதான்.